மார்புக் காம்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன்: அட்வான்ஸ் கட்டிவிட்டேன், செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மார்புக் காம்புகள் இரண்டும் நீளமாக இருப்பதால் எந்தச் சட்டை போட்டாலும் துருத்திக்கொண்டு தெரிகின்றன. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே துப்பட்டாவை இழுத்துப் பிடித்தே பழகிவிட்டேன். இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஒரு மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இந்த வாரம் புக் செய்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். டாக்டரை இன்னும் பார்க்கவில்லை, பேசியதெல்லாம் கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்தான். அடுத்த வருடம் கல்யாணம். உணர்ச்சி போய்விடும், பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது என்று தோழி சொல்கிறாள். உண்மையா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதியதற்கு நன்றி. நீளமான காம்பு நோய் இல்லை, உடம்பின் அமைப்பு அப்படி, அவ்வளவுதான். அதற்காக உங்கள் சங்கடம் சின்னது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான்.

காரணம் உங்கள் கல்யாணத் தேதி. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் காம்பு தானாகவே பெரிதாகும், இன்று சிறிதாக்கினால் அப்போது அளவு மறுபடி மாறி இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டி வரலாம். பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பால் நிறுத்திச் சில மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் சர்ஜன்தான் நல்ல சர்ஜன்.

தோழி சொன்னது பாதி சரி. எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீளம் மட்டும் பிரச்சினை என்றால், நுனியைத் தொடாமல் அதன் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல ஒரு பட்டைத் தோலை மட்டும் எடுத்துவிட்டு, நுனியைக் கீழே இறக்கித் தைக்க முடியும். பால் குழாய்கள் நடுவே ஓடுவதால் பெரும்பாலும் தப்பிக்கும். அகலம் அதிகமென்றால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு எடுப்பார்கள், அதில் சில குழாய்கள் போகும். நுனியையே சீவிவிடுவதும் ஒரு முறைதான், ஆனால் குழாய்களின் வாய் இருப்பதே அங்கேதான். எனவே டாக்டரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, எனக்கு எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், குழாய் எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான். எந்த முறையானாலும் பால் கட்டாயம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

உணர்ச்சி சில வாரம் மரத்துப் போய்த் திரும்புவதுண்டு. குறைந்தபடியே நிற்பதும் உண்டு, சிலருக்குத் துணி பட்டாலே கூசும். இது போக, இரண்டும் ஒரே அளவில் அமையாமல் போகலாம், சீழ் பிடிக்கலாம், தழும்பு தடிக்கலாம் (காது குத்திய இடம் உங்களுக்குத் தடித்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்). அரிதாக ரத்த ஓட்டம் நின்று நுனி கருத்து அழுகுவதும் நடக்கும். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

அப்புறம், கத்தி பிடிக்கப் போகிறவரையே பார்க்காமல் பணம் கட்டியது எனக்குக் கவலையாக இருக்கிறது. கவுன்சிலர் வேலை விற்பது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச் அல்லது டி.என்.பி என்ற மேற்படிப்பு முடித்தவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தள்ளுபடிக்கு ஒரு வாரம் கெடு வைப்பது உங்களை யோசிக்க விடாமல் செய்யத்தான். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் என்பதால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வராது, சிகிச்சைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் கிடைக்காது. அவர்கள் சொன்ன தொகையில் வரி, மருந்து, கட்டு மாற்றுவது, சரியாக வராவிட்டால் மறுபடி செய்வது எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மோல்டட் கப் பிரா நன்றாகவே மறைக்கும். சிலிக்கான் நிப்பிள் கவரும் உதவும், பசை ஒத்துக்கொள்ளாமல் அரித்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். காம்பு சிறு வயதிலிருந்தே இப்படி என்றால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாறினால், உள்ளே இழுத்தால், ரத்தமோ நீரோ கசிந்தால், ஆறாத சொறி போல் இருந்தால் அழகு கிளினிக் பக்கமே போகாமல் மார்பக டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த 5,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மெயிலில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு, இந்த அளவு தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ரசீதையும் அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.