வெயில் அடித்த நாளின் கோபம்

கேள்வி: புயல், புயல் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தி, எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். மறுநாள் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. அடுத்த தடவை கூப்பிட்டால் போவதில்லை என்று எங்கள் தெருவில் முடிவெடுத்துவிட்டோம். சரிதானே?
(கடலூர் மாவட்டக் கடற்கரை வாசகர்)

பதில்: சரியில்லை. உங்கள் ஊரில் வெயில் அடித்தால் புயலே இல்லை என்று அர்த்தமா? 2018-இல் கஜா வந்தபோது முதலில் வட தமிழகம், தெற்கு ஆந்திரா என்று பேச்சு. அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் நவம்பர் 16 விடியும் முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வெயில் உங்களுக்கு, அந்த ராத்திரி வேதாரண்யத்துக்கு. எந்தக் கிராமம் என்று துல்லியமாகத் தெரியும் நேரத்தில் காற்று ஏறிவிடும், பஸ் ஓடாது. அதனால்தான் நீளமாக ஒரு கடற்கரையையே காலி செய்யச் சொல்கிறார்கள்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். கடலோரத்தில் இருக்கும் எரசமா பக்கம் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனது காற்றல்ல, ஊருக்குள் ஏறிய கடல். 2019-இல் ஃபனி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். அங்கே சாவு 60-க்குச் சற்று மேல். 1999 புயல் இன்னும் மூர்க்கமானது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காற்று மட்டும் காரணமில்லை. நடுவில் இருபது வருஷம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள், வீடு வீடாகப் போய்க் கூப்பிட ஊர்க்காரர்களையே பழக்கினார்கள்.

உங்கள் கோபத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு. முந்நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதிலும் ஒன்றில் தண்ணீர் வராது, ஆட்டுக்கு இடமில்லை என்றால் யார்தான் வருவார்கள்? பெண்கள் ராத்திரி முழுக்க தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கிராமசபையில் கேளுங்கள், மழைக்காலத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். மைக் வண்டி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று. காற்று திடீரென நின்றால் புயல் போய்விட்டது என்று வீட்டைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். அது புயலின் கண்ணாக, அதாவது நடுவில் காற்று அடங்கியிருக்கும் பகுதியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

சரி, அந்தத் தெருக்கூட்டத்தை இன்னொரு முறை கூட்டுங்கள். ரேஷன் கார்டையும் மாத்திரையையும் எந்தப் பையில் வைப்பது, மாட்டை யார் அவிழ்த்துவிடுவது, நடக்க முடியாத பாட்டியை யார் வண்டியில் ஏற்றுவது, இதையெல்லாம் அதில் பேசுங்கள்.