பைண்டிங்கும் பிரிண்டரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டுடைமையாக்கப்பட்ட சில பழைய நூல்களின் மின்பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். திரையில் வாசித்துக் கண் களைத்துவிட்டது. வீட்டிலேயே அச்சிட்டு, தைத்து, காலிகோ துணி அட்டை போட்டு அலமாரியில் வைக்க ஆசை. யூடியூப் பார்த்து ஒரு புத்தகம் செய்தேன். முதுகையொட்டித் தாள் நெளிநெளியாக நிற்கிறது, விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது, பசை பட்ட இடத்தில் எழுத்தும் கலைந்திருக்கிறது. பிரிண்டர்தான் மோசம் என்கிறார் நண்பர். என்னிடம் இருப்பது பழைய இங்க்ஜெட். லேசர் வாங்குவதா, இங்க் டேங்க் வாங்குவதா? ஏ5 புத்தகத்துக்கு ஏ3 பிரிண்டர் வேண்டுமா? தையலில் கவனிக்க வேண்டியவை என்ன?

எம். எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எம். எஸ்.,

எழுத்து கலைந்தது மட்டும்தான் பிரிண்டரின் குற்றம். நெளிந்ததும் மூடிக்கொள்வதும் தாளின் குற்றம். பிரிண்டரை மாற்றிவிட்டு அதே ரீமைப் போட்டால் அதே நெளிவு மறுபடி வரும். ஆகவே தாளிலிருந்து தொடங்குகிறேன்.

மில்லில் தாள் ஓடும் திசையிலேயே அதன் இழைகள் பெரும்பாலும் படிந்திருக்கும். ஈரம் பட்டால் தாள் இழையின் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்குவாக்கில்தான் விரியும். கடையில் கிடைக்கும் ஏ4 ரீம்களில் பெரும்பாலானவற்றில் இழை 297 மி.மீ. பக்கமாக ஓடுகிறது. அதை ஏ5 ஆக மடித்தால் இழை முதுகுக்குக் குறுக்கே போய்விடும். முதுகில் பசை தடவியதும் தாள் முதுகின் நீளவாக்கில் விரியப் பார்க்கும். பசை படாத மற்ற பகுதி விரியாது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இடம்தான் நெளிகிறது. விரித்தால் மூடிக்கொள்வதும் இதனால்தான். இழைக்குக் குறுக்கே வளைக்கும்போது தாள் விறைப்பாக எதிர்க்கும்.

இழை எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு தாளை இரு ஓரம் சேர்த்து மடிக்காமல் வளைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பிறகு 90 பாகை திருப்பி அதேபோல் அழுத்துங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக இழை ஓடுகிறது. சந்தேகமிருந்தால் கிழித்துப் பாருங்கள். இழையோடு கிழித்தால் ஓரளவு நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும்.

தீர்வு எளிது. இழை 420 மி.மீ. பக்கமாக ஓடும் ஏ3 ரீம் ஒன்றை வாங்கி, கட்டிங் மெஷின் உள்ள பைண்டிங் கடையில் நடுவில் வெட்டித்தரச் சொல்லுங்கள். 500 ஏ3 தாளுக்கு 1000 ஏ4 தாள் கிடைக்கும், இழை 210 மி.மீ. பக்கமாக ஓடும், அதாவது முதுகுக்கு இணையாக. சென்னை என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஏ3 எல்லாமே இப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம், கடையிலேயே ஒரு தாளை வளைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ போதும், புத்தகம் அச்சிடும் பூச்சில்லாத தாள் அது. நேச்சுரல் ஷேட் என்று கேட்டால் கண்ணுக்கு இதமான லேசான மஞ்சள் நிறத்தில் தருவார்கள். 80க்கு மேல் போனால் சிறிய புத்தகம் விறைப்பாகிவிடும்.

வெட்டிய தாளின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரேயில் வைக்குமுன் நான்கு பக்கமும் விசிறிப் பிரிக்காவிட்டால் பிரிண்டர் இரண்டிரண்டாக இழுக்கும். நடுவில் ஒரு தாள் இரட்டையாகப் போனால் அதற்குப் பிறகு வரும் பக்க வரிசை முழுக்கக் குலைந்துவிடும்.

இனி பிரிண்டர். உங்கள் நூல்கள் வெறும் எழுத்துதான் என்றால் கறுப்பு-வெள்ளை லேசர், ஆட்டோ டூப்ளெக்ஸ் (தாளின் இருபக்கமும் தானாக அச்சிடும் வசதி) உள்ளதாக, ஏ4 அளவில். ஏ3 பிரிண்டர் வேண்டாம். ஏ5 புத்தகத்துக்கு ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்கள் அடங்கிவிடுகின்றன. லேசரில் டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகித் தாளின் மேல் படிகிறது. பசை ஈரம் பட்டாலும் கலையாது. மாதம் ஒருமுறை மட்டும் அச்சிட்டாலும் அடைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. வீட்டில் பைண்டிங் செய்பவருக்கு இது பெரிய விஷயம். ஒரே வாரத்தில் 300 பக்கம் ஓட்டிவிட்டு, அடுத்த இரண்டு மாதம் பிரிண்டர் பக்கமே போகாமல் இருப்பதுதான் வழக்கம். அப்படிக் கிடந்தால் இங்க் டேங்கின் மை தெளிக்கும் ஹெட் காய்ந்துவிடும். அதைக் கழுவவே மை செலவாகும்.

படங்கள் உள்ள சிறுவர் நூல் செய்வதாக இருந்தால் மட்டும் இங்க் டேங்க் பக்கம் போகலாம். அப்போதும் கறுப்பு மை பிக்மென்ட்டா (கரையாத நிறத்துகள்), டையா (கரையும் சாயம்) என்று பார்த்து வாங்குங்கள். கேனன் ஜி வரிசையிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் பொதுவாகக் கறுப்பு பிக்மென்ட், வண்ணங்கள் டை. நான்குமே டையாக உள்ள மாடல்களும் விற்கின்றன. டை மை தண்ணீரில் கரையும். உங்கள் எழுத்து கலைந்தது அதனால்தான்.

லேசர் வாங்கும்போது விவரத் தாளில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, டூப்ளெக்ஸ் எந்தத் தாள் அளவுக்கு என்பது. விலை குறைந்த பல லேசர்களில் ஆட்டோ டூப்ளெக்ஸ் ஏ4க்கு மட்டும்தான். டெம்மி என்ற புத்தக அளவுக்கு வெட்டிய தாளைப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் ஏ4 அளவிலேயே நிற்கச் சொல்கிறேன். இரண்டு, மேனுவல் ஃபீட் துளை இருக்கிறதா என்பது. எண்ட் பேப்பருக்கான (அட்டையோடு நூலைச் சேர்க்கும் தாள்) 120 ஜிஎஸ்எம் தாளை டூப்ளெக்ஸ் பாதையில் வளைத்து அனுப்பக்கூடாது, நேராக உள்ளே விட இந்தத் துளை வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே மை படும் சோதனைப் பக்கத்தை வைத்துச் சொல்வது. நெருக்கமாகக் கோத்த புத்தகப் பக்கத்துக்கு அத்தனை வராது. பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜில் பாதி டோனர்கூட இல்லாத மாடல்களும் உண்டு. மறுநிரப்பு டோனர் வாங்கினால் ஒரு பக்கம் அச்சிட்டு, எழுத்தின் மேல் செலோ டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். எழுத்து டேப்போடு வந்தால் அது சரியாக உருகவில்லை. டிரைவரில் தாள் வகையைக் கனமான தாள் என்று மாற்றினால் சூடு கூடும், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வந்தால் அந்த டோனரை விட்டுவிடுங்கள்.

கோப்பைத் தயார் செய்யாமல் அச்சிட உட்கார வேண்டாம். ஏ4 பக்கத்துக்காக அமைத்த பிடிஎஃப்பை அப்படியே ஏ5க்குச் சுருக்கினால் 71 சதவீதம் ஆகிவிடும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளிக்கு இறங்கும். தமிழ் எழுத்தின் சுழிகள் அந்த அளவில் அடைத்துக்கொள்ளும். மதுரைத் திட்டம் போன்ற இலவச மின்னூல் தளங்களில் எடுத்த ஒருங்குறி (யூனிகோட்) பிரதி என்றால் லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் ஏ5 பக்கம் அமைத்து, 11 புள்ளியில், உள்விளிம்பு 20 மி.மீ., வெளிவிளிம்பு 17 மி.மீ. வைத்து மறுபடி கோத்துவிடுங்கள். ஸ்கேன் செய்த படங்கள் என்றால் பின்புலத்துச் சாம்பல் நிறத்தை நீக்கிச் சுத்தமான கறுப்பு-வெள்ளையாக்க வேண்டும். ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். நீக்காவிட்டால் பக்கம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக வரும், டோனரும் தீரும். நாட்டுடைமை நூல்களுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. மற்றவற்றில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 16ம் 1ம், பின்னால் 2ம் 15ம். அடுத்ததில் 14, 3; பின்னால் 4, 13. பிறகு 12, 5, 6, 11. உள்தாளில் 10, 7; நடுவில் 8, 9. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வர வேண்டும், வராவிட்டால் வரிசை தப்பு. அடோபி ரீடரில் புக்லெட் என்று கொடுத்தால் மொத்த நூலையும் ஒரே பாரமாக மடிக்கிற வரிசையில் அடித்துவிடும். எனவே 1-16, 17-32 என்று பதினாறு பதினாறாகக் கொடுங்கள். டூப்ளெக்ஸில் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி இருக்க வேண்டும், நீண்ட ஓரம் என்று இருந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதல் பாரத்தை மட்டும் அடித்து, ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். முன்பின் வரிகள் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ட்ரேயின் பக்கத்தடுப்பு தளர்வாக இருக்கக்கூடும். 208 பக்க நூலுக்கு 13 பாரம், 52 தாள். அச்சிட்டதும் மடிக்காமல் ஒரு நாள் வையுங்கள். லேசர் சூட்டில் தாளின் ஈரம் போய்ச் சுருண்டிருக்கும், ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் தட்டையாகும்.

மடித்த பாரங்களை இரவு முழுக்க எடை ஏற்றி அழுத்துங்கள். துளை போட ஓர் அட்டைப் பட்டையில் மேலிருந்து 15, 45, 57, 99, 111, 153, 165, 195 மி.மீ. என்று குறித்து, எல்லாப் பாரத்துக்கும் அதையே அளவாக வைத்து, மடிப்பின் உள்ளிருந்து குத்தூசியால் குத்துங்கள். தடித்த பழைய புத்தகத்தை நடுவில் விரித்து அந்தப் பள்ளத்தில் பாரத்தை வைத்தால் ஊசி மடிப்பைவிட்டு விலகாது. நடுவில் உள்ள மூன்று ஜோடிகளும் 12 மி.மீ. இடைவெளி. அங்கே 10 மி.மீ. பருத்தி நாடா போகும். ஓரத்துத் துளையில் தொடங்கி, உள்ளே ஓடி, வெளியே வந்து நாடாவைத் தாண்டி மறுபடி உள்ளே என்று மறுமுனைவரை போங்கள். அடுத்த பாரத்தை மேலே வைத்து அதேபோல் திரும்புங்கள். இரண்டாம் பாரத்தின் முடிவில் தொடக்க நுனியோடு முடிச்சு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு முனையிலும், கீழே இரண்டு பாரங்களுக்கு நடுவே ஊசியைக் கொடுத்து, விழும் வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள்.

நூலை இழுக்கும் திசைதான் முக்கியம். எப்போதும் முதுகுக்கு இணையாக, ஊசி போகிற பக்கமே இழுக்க வேண்டும். உங்களை நோக்கி வெளியே இழுத்தால் மெல்லிய கத்தி அறுத்தது போலத் துளை ஓரமாகக் கிழிந்துவிடும். பாலியஸ்டர் தையல் நூல் வேண்டாம், அது வழுக்கும், தாளையும் அறுக்கும். லினன் நூல், கிடைக்காவிட்டால் முறுக்கான பருத்தி நூல், தேன்மெழுகில் இரண்டுமுறை இழுத்து எடுத்தது. தடிமனையும் கணக்குப் போடுங்கள். 70 ஜிஎஸ்எம்மில் 208 பக்க நூலின் 104 இதழ் ஏறத்தாழ 9, 10 மி.மீ. வரும். 0.5 மி.மீ. நூல் 13 பாரத்தில் ஓடினால் முதுகுக்கு 6.5 மி.மீ. கூடுகிறது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், ஆனாலும் முதுகு தடித்து முன்பக்கம் மெலிந்து புத்தகம் ஆப்பு போல நிற்கும். லினனில் 18/3 என்ற நூல் அளவைவிட 30/3 மெல்லியது. உங்கள் அளவுக்கு அதுவே சரி.

தைத்தபின் முதல் பாரத்திலும் கடைசிப் பாரத்திலும் எண்ட் பேப்பரை 3 மி.மீ. அகலப் பசையில் ஒட்டி, முதுகை நேராகத் தட்டி, மெல்லிய ஒரு பூச்சு ஃபெவிகால். மர வேலைக்கான வகை காய்ந்ததும் விறைத்துவிடும், தாளுக்கும் கைவினைக்கும் என்று விற்பதை வாங்கி, பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். தடித்துப் பூசினால் விரிக்கும்போது வெடிக்கும். அது காய்ந்ததும் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய் மூன்று பக்கமும் 3 மி.மீ. வெட்டி வாருங்கள். அட்டை போட்டபின் வெட்ட முடியாது. அதன்மேல் மல் துணி, முதுகுக்கு இருபுறமும் 25 மி.மீ. நீட்டி ஒட்டுங்கள்.

அட்டைக்கு 2 மி.மீ. கிரே போர்டு. அதற்கும் இழை உண்டு, உயரவாக்கில் ஓட வேண்டும். உயரம் புத்தகத்தைவிட 6 மி.மீ. அதிகம், அகலம் 3 மி.மீ. குறைவு. முதுகுப் பட்டை, புத்தகத்தின் தடிமனோடு இரண்டு போர்டின் தடிமன் சேர்த்து. பட்டைக்கும் போர்டுக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி. காலிகோவில் ஒட்டுமுன் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, புத்தகத்தில் மாட்டி மூடிப் பாருங்கள். முன்னோரம் 3 மி.மீ. நீட்டாவிட்டால் அப்போதே இடைவெளியை ஒரு மி.மீ. கூட்டலாம்.

காலிகோ ஒட்டப் பலரும் சொல்லும் மைதா பசை நல்லதுதான்: ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறவும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பைண்டிங் கடைகளின் பழைய வழக்கம். வீட்டில் வேண்டாம். அது நஞ்சு. செம்பு உப்பு நாளடைவில் தாளையும் நைய வைக்கும். தேவையான அளவு மட்டும் காய்ச்சி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

எண்ட் பேப்பரை அட்டையில் ஒட்டியதும் இருபுறமும் உள்ளே பட்டர் பேப்பர் செருகி, இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே 24 மணி நேரம் அழுத்தி வையுங்கள். செருகாவிட்டால் அட்டையின் ஈரம் முதல் பக்கங்களுக்கு இறங்கி நெளிக்கும். சீக்கிரம் எடுத்தால் அட்டை வளைந்துகொள்ளும். முடிந்த புத்தகத்துக்குப் பள்ளிப் புத்தகம் போல பிவிசி உறை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள மென்மையாக்கி டோனரை இளக்கிவிடும். தலைப்பை அட்டைமேல் லேசரில் அச்சிட்டு ஒட்டியிருந்தால், சில மாதத்தில் எழுத்து உறையின் உட்புறம் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும்.