குட்டிகளின் கால் வளைந்தது கிடாவாலா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் 11 சேலம் கருப்பு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். தை முதல் வாரத்தில் 5 ஆடுகள் ஈன்றன. 8 குட்டிகளில் மூன்றுக்கு முன்னங்கால்கள் மடங்கியே இருந்தன. அதில் ஒன்றுக்கு வால் இல்லை. வேறொரு குட்டி மயிரின்றி, தொண்டையில் எலுமிச்சை அளவு வீக்கத்துடன் பிறந்து அன்றே இறந்தது. கார்த்திகையிலிருந்து மரவள்ளித் தழையும் திப்பியும் (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) தான் தீவனம். மருந்துக் கடைக்காரர் சொன்னபடி மாதந்தோறும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றுகிறேன். ஆவணி 20 வாக்கிலும் ஊற்றினேன். குலதெய்வக் குற்றம் என்கிறார் அம்மா. கிடாவை விற்றுவிடலாமா?

பதில்: கிடா உங்கள் பட்டியிலேயே பிறந்ததென்றால், இந்தக் குட்டிகளுக்காக இல்லாவிட்டாலும் மாற்றுங்கள், தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் சேரும் கிடாவை வைத்திருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஆவணியில் இந்த ஆடுகளின் வாயில் என்ன போனது?

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். தை முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், சினை பிடித்தது ஆவணி முதல் வாரம். நீங்கள் மருந்து ஊற்றிய நாளில் கருவுக்கு வயது இரண்டு, இரண்டரை வாரம். முதுகெலும்புக்கும் காலுக்கும் வாலுக்கும் அடித்தளம் விழும் நேரம் அது. சினையின் முதல் மாதத்தில் ஆடுகளுக்கு அல்பெண்டசோல் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தில் பழைய விதி. எலும்புக் குறைகள் அந்த மருந்தின் தெரிந்த விளைவு. என் சந்தேகம் முழுக்க அந்தப் புட்டியின் மேல்தான். வைரஸ் நோயாலும் கால் மடங்கும் என்பதால், இனி ஊனத்தோடு குட்டி இறந்து பிறந்தால் புதைக்காதீர்கள்; ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

"சினையா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் புட்டியை எடுத்துக் கொடுப்பவர் செய்வது வியாபாரம், அதற்கு வைத்தியம் என்று பெயரில்லை. மாதந்தோறும் ஊற்றச் சொல்வது அதைவிடக் கேடு. மருந்துக்கு அடங்காத புழுவை நீங்களே வளர்க்கிறீர்கள். புழுக்கையை அரசுக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, முட்டை இருந்தால் மட்டும் மருந்து கொடுங்கள். சினை ஆட்டுக்கு ஃபென்பெண்டசோல் போன்ற பாதுகாப்பான மருந்தை, எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தடுத்திருக்கக்கூடியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆட்டின் அடையாளம், கிடா சேர்ந்த தேதி, இரண்டே பத்தி. கிடா ஆண்டு முழுக்க மந்தையோடு திரிந்தால் எந்த ஆடு என்று சினையானது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கிடாவைத் தனியே கட்டுங்கள். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து மந்தையோரம் நடத்துங்கள். வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்து நிற்கும் ஆட்டைச் சேர்த்துவிட்டு, அப்போதே எழுதுங்கள், ராத்திரிக்கு என்று தள்ளிப்போடாமல். குடற்புழு மருந்தைக் கிடா சேர்ப்பதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். நான் போகும் பட்டிகளில் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். பத்தில் எட்டுப் பேர் மருந்துச் சீட்டைக் காட்டுகிறார்கள்.

தொண்டை வீங்கிய குட்டியின் கதை வேறு. அது பெரும்பாலும் அயோடின் பற்றாக்குறை. மரவள்ளித் தழையிலும் திப்பியிலும் உள்ள சயனைடை ஆட்டின் உடல் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது அயோடினைத் தைராய்டு சுரப்பிக்குள் போகவிடாது. தாய்க்கே போதாதபோது குட்டிக்கு எங்கே கிடைக்கும்? தழையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையும் தைராய்டைக் கெடுக்கும் என்பதால் அதையும் அளவோடு. கல் உப்புக்குப் பதிலாக அயோடின் கலந்த உப்பும், பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம் தாது உப்புக் கலவையும் சினைக்காலம் முழுக்க வேண்டும். ஏரிக்கரை நெய்வேலிக் காட்டாமணக்கில் ஆடுகள் வாய்வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சினை ஆடு தின்றால் அதுவும் குட்டியின் காலை மடக்கும்.

கால் மடங்கிய குட்டிகளில் எது பிழைத்திருக்கிறதோ, அதன் முழங்காலைக் கையால் மெல்ல நீட்டிப் பாருங்கள். நீண்டால் தசைநார் இறுக்கம்தான். பஞ்சு சுற்றி மூங்கில் சிம்பு கட்டினால் சில நாளில் நிற்கலாம், ஆனால் சீம்பாலைத் தவறாமல் புட்டியில் ஊட்டுங்கள். மூட்டே பூட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள்.