சாஃப்ட் ஃபில்டரும் அம்மாவின் தழும்பும்

அன்புள்ள ஐயா,

புளியரையில் இருந்துகொண்டு செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். ஸ்டார், சாஃப்ட், பாதி வண்ணம் ஏற்றியவை என லென்ஸின் முன் மாட்டும் பல ஃபில்டர்கள் அடங்கிய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? போலரைசர் அவசியமா? படத்தை லேசாக மங்கலாக்கும் சாஃப்ட் போட்டால் எந்த மணப்பெண்ணும் அழகாகத் தெரிவார் என்கிறார்களே?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

பெட்டி வேண்டாம். வண்ணத்தைப் பிறகு கணினியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். போலரைசரைக் கட்டாயம் வாங்குங்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாறையிலும் இலையிலும் மின்னும் வெள்ளைப் பளபளப்பை அது லென்ஸுக்குள் நுழையுமுன்பே தடுத்துவிடும். அந்தப் பளபளப்பு மூடிய பச்சை படத்தில் பதியாமலே போனால், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் குறையும்; வானம் அடர்ந்து தெரிய வேண்டுமானால் சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்க வேண்டும். உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் முகப்பு விட்டத்துக்கே, 77 மி.மீ. என்றால் 77க்கே, வாங்கிச் சிறியவற்றுக்கு இடைவளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார் ஃபில்டரின் கண்ணாடியில் கீறிய நுண்கோடுகள் ஒளியைத் தமக்குக் குறுக்கே சிதறடிக்கின்றன. நிலவிளக்கின் திரிக்கும், பந்தலின் சீரியல் பல்புக்கும், மணப்பெண்ணின் மூக்குத்திக்கும் அது ஒரே நட்சத்திரத்தைத்தான் போடும். மூக்குத்தியை எடுப்பாகக் காட்ட வேண்டிய இடத்தில் பல்பு முந்திக்கொள்ளும்.

சாஃப்ட் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது கோபம் வந்தது. அழகு என்று யார் முகத்தைச் சொல்கிறீர்கள்? என் அம்மாவுக்குச் சிறுவயதில் பெரியம்மை கண்டு, வலது தாடையில் இரண்டு குழிகள் தங்கிவிட்டன. அவற்றில் ஒன்றில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டுதான் நான் தூங்குவேன். 1981இல் செங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் அவளைப் படம் எடுத்தார்கள். அந்த ஸ்டுடியோக்காரர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சாஃப்ட் ஃபில்டருக்குப் பதிலாக வெள்ளை நைலான் காலுறையை லென்ஸின்மேல் இழுத்துப் பிடித்து ரப்பர் வளையத்தால் இறுக்கினார். வெள்ளைத் துணி வெளிச்சத்தைக் கறுப்பின்மேல் பரப்பும். அவள் கூந்தல் சாம்பலாயிற்று, தோட்டைச் சுற்றி ஒளிவட்டம் வந்தது, இரண்டு குழிகளும் காணாமல் போயின. அம்மாவுக்கு அது ஒன்றுதான் படம். ஊரார் எல்லாம் நன்றாயிருக்கிறது என்றார்கள். நான் நாற்பது ஆண்டுகளாக அந்தத் தாடையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாஃப்ட் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் மிகக் குறைந்த அளவில் மங்கலாக்குவதை வாங்குங்கள். நீண்ட லென்ஸில் அதுவே கூடுதலாக மங்கலாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் போடுமுன் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், தம்பி. அவள் வேண்டும் என்றே சொன்னாலும், ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்து, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள்.