டிவி சத்தத்தைக் குறையுங்கள் ஐயா

கேள்வி: வயது 68. அரசு வேலையில் ஓய்வுபெற்று, மதுரை அண்ணா நகரில் மனைவியுடன் இருக்கிறேன். பென்ஷன் வருகிறது. பையன் பெங்களூரில். ஆனால் எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் நடக்கச் சொல்கிறார். மூட்டுவலி, மனமும் வரவில்லை. மனைவி தினமும் உழவர் சந்தைக்குப் போய்வந்து, பார்த்தது கேட்டதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன். பொழுதை எப்படிக் கழிப்பது?

பதில்: மூட்டுவலியை ஒரு பாரமாக எழுதிவிட்டு, டிவி விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

வீட்டுக்கான காய்கறியைச் சுமந்துகொண்டு வருகிறவர், தக்காளி விலையோ காய்க்காரம்மா வீட்டுக் கல்யாணமோ, ஆசையாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நீங்கள் ரிமோட்டை எடுக்கிறீர்கள். அப்புறம் எனக்குக் கடிதம் எழுதி, பிடிப்பில்லை என்கிறீர்கள். ஆபீஸ் காலத்தில் நேரமில்லை என்று எத்தனை பேச்சைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள்? இப்போது நேரம்தானே இருக்கிறது! கட்டியவள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது கடமை. மனசு வந்தால் செய்கிற உபகாரம் இல்லை.

நல்ல அனுபவங்களை ஆற அமர ருசிப்பது பற்றியே பல வருடம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் பிரையன்ட். கண்ட நல்லதை இன்னொருவரிடம் பகிர்வதும் அதற்கு ஒரு வழி என்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்கள் வீட்டம்மா அதைத்தான் செய்கிறார். கெடுப்பது நீங்கள்.

சரி, மூட்டு. தேய்மானம் இருப்பவர்களையும் வலிக்குத் தக்கபடி நடக்கத்தான் சொல்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, ஐந்து நாள். விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். எது ஆகும் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

நடக்க இடம் தேட வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999-ல் உங்கள் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். நாளைக் காலை மனைவியோடு போங்கள். முழுக்க நடக்க முடியாவிட்டால் பாதி தூரம் ஆட்டோவில் போங்கள், வரும்போது நடங்கள். கனத்தை இரண்டு பையாகப் பிரித்து ஆளுக்கொன்று தூக்குங்கள். கொத்தமல்லியை முகர்ந்து பாருங்கள், கத்தரிக்காயைத் தொட்டுப் பாருங்கள். விலைப்பலகையைப் பார்த்து யோசனை மட்டும் சொல்லாதீர்கள். இத்தனை வருடம் வாங்கியவருக்கு எல்லாம் தெரியும்.

திரும்பி வந்ததும் டிவியைத் தொடாமல், காபி குடித்துக்கொண்டே பார்த்ததைப் பேசுங்கள். பையனிடம் போனிலும் அதையே சொல்லுங்கள், மூட்டுவலிப் புராணம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் வரட்டும். எழுதுவது உங்கள் மனைவியாக இருக்கட்டும்.