குரூரக் காணொளிகள் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 34 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் மாமா ஒருவர் விபத்து சிசிடிவி காட்சிகளை, “எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க” என்று எழுதி அனுப்புவார். அதில் ஆரம்பித்து, இரண்டு வருடமாக விபத்து, வெட்டுக்குத்து என்று நானே தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் விடிகாலை மூன்று மணி இடைவேளையில். ஒவ்வொன்றும் அரை நிமிடம்தான். பார்க்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் பைக்கில் லாரியை முந்தும்போது ஒரு குறிப்பிட்ட காட்சி கண்முன் வந்து கை நடுங்குகிறது. நான் குரூரமானவனா? பார்த்து வைத்தால் ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று நினைத்தது தப்பா? இன்னொரு கேள்வி. 2009இல் கல்லூரியில் படித்தபோது, ஈழத்துக் காட்சிகளைப் பார்க்காமல் இருப்பதே துரோகம் என்று நம்பினேன். அதுவும் இதுவும் ஒன்றா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பார்த்து வைத்தால் ஜாக்கிரதையாக இருக்கலாமா என்ற இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

2014இல் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு பிணைக்கைதிகளின் தலையை வெட்டும் காணொளிகளை வெளியிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை ஒட்டி, ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களிடம் ஏற்கெனவே தொடர்ச்சியாகக் கேள்விகள் கேட்டுவந்தார்கள். ஆகவே, காணொளி வருவதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு பயம் இருந்தது என்ற பதிவு அவர்கள் கையில் இருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அரிதாகவே அமையும். 3,294 பேரிடம் விசாரித்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு பகுதியையாவது பார்த்திருந்தார். முழுதாகப் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். பார்த்தவர்களில் ஆண்கள், வேலையில்லாதவர்கள், தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்கள், வாழ்க்கையில் முன்பே வன்முறையைச் சந்தித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பயங்கரவாதத்தைப் பற்றி முன்பே அதிகம் பயந்தவர்களும்தான். அவர்கள் சொன்ன காரணங்கள் எளியவை: தெரிந்துகொள்ள வேண்டும், உண்மைதானா என்று பார்க்க வேண்டும், ஆர்வம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டபோது, பார்த்தவர்களுக்கு மனச்சங்கடமும் வருங்காலம் குறித்த பயமும் அதிகமாக இருந்தன. முன்பே இருந்த பயத்தைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மிஞ்சியது. இது நீண்டகாலத் தொடர்பைக் காட்டும் ஆய்வு. ஒருவரைக் கட்டாயமாகப் பார்க்கவைத்துச் செய்யும் சோதனை இதில் சாத்தியமில்லை, ஆகவே காரணம் முழுக்கக் காணொளிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவர் பார்க்கிறார், பார்த்தவர் மேலும் பயப்படுகிறார் என்ற சுற்று தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் விஷயத்தில் அந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சாலை மேல் உங்களுக்குப் பயம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான பயம். “எனக்கு இது நடக்குமா, நடந்தால் என்ன செய்வது” என்பது அந்தப் பயம் கேட்கும் கேள்வி. சிசிடிவி துண்டில் இருப்பதோ மோதலும் அதற்கு முந்தைய சில நொடிகளும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கவில்லை, பிரேக் எப்படி இருந்தது, கண்ணாடியில் அவருக்கு என்ன தெரிந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. “நடக்கும்” என்பது மட்டும் அதில் இருக்கிறது, அது உங்களுக்கு முன்பே தெரியும். கேள்விக்குப் பதில் வராததால் கை அடுத்த துண்டைத் தேடுகிறது. உங்களைக் காப்பாற்றும் தகவல் ஒரே வரி: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை. இடப்பக்கமாக நுழைந்து முந்துவது ஏன் ஆபத்து என்பது இதில் புரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சாவையும் பார்க்கத் தேவையில்லை.

குரூரமானவனா என்று கேட்டீர்கள். இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சூசான் ஊஸ்டர்வைக் நடத்திய ஆய்வுகளில், எந்தப் படத்தைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கவிட்டபோது, சாதாரண மனிதர்களே வன்முறையும் மரணமும் கொண்ட படங்களைக் கணிசமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2020இல் வந்த மூளைப்பட ஆய்வில், அப்படித் தேர்ந்தெடுக்கும் கணத்தில், வெகுமதியை எதிர்பார்க்கும்போது இயங்கும் பகுதிகளும் இயங்கின. பிறர் வேதனையில் இன்பம் காண்பதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பே மூளைக்கு ஒரு பரிசு. அந்தப் பசி எல்லோருக்கும் உண்டு. உங்கள் கை நடுங்குகிறதே, அடிபட்டவரை மனிதராகப் பார்க்கிறவருக்குத்தான் அது நேரும்.

“அரை நிமிடம்தான்” என்று எழுதியிருந்தது என்னைக் கவலைப்படுத்தியது. ஆன்டனி ஃபைன்ஸ்டைன் என்ற டொரன்டோ மனநல மருத்துவர், பொதுமக்கள் அனுப்பும் வன்முறைப் பதிவுகளைச் செய்தியறையில் உட்கார்ந்து பார்க்கும் 116 பத்திரிகையாளர்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே பாதிப்போடு அதிகம் ஒட்டியிருந்தது. தினமும் கொஞ்சம் என்பதுதான் கெட்ட அளவு. பார்க்கும்போது ஒன்றும் தோன்றாததும் நல்ல அறிகுறி இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததில் பதற்றம் மழுங்கியிருக்கிறது, படமோ பதிந்துகொண்டே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி லாரியின் பின்பக்கமும் எஞ்சின் சத்தமும். அதனால்தான் அது சாலையில் திறக்கிறது.

இனி செய்ய வேண்டியவை. காட்சி வரும்போது அதைத் துரத்தாதீர்கள், துரத்தினால் மேலும் வரும். முந்துவதைக் கைவிட்டு, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள். காலைத் தரையில் ஊன்றி, அந்தக் காட்சிக்கும் இந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். “அது இரவு, இது பகல். அது டிப்பர், இது கண்டெய்னர். அது எங்கோ நடந்து முடிந்தது, நான் இங்கே நிற்கிறேன்.” அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கான சிகிச்சையில் இதை முறையாகவே கற்றுத்தருகிறார்கள். பொதுவாக “ஒன்றும் ஆகாது” என்று சொல்லிக்கொள்வதைவிட, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்களைச் சொல்வதுதான் வேலை செய்யும்.

இன்னொன்று, டெட்ரிஸ். கட்டைகள் மேலிருந்து விழும் அந்தப் பழைய விளையாட்டேதான். எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், சாலை விபத்துக்குள்ளாகி ஆறு மணி நேரத்துக்குள் வந்த 71 பேரிடம் சோதித்தார்கள். விபத்தைச் சுருக்கமாக நினைவுகூர்ந்துவிட்டு 20 நிமிடம் விளையாடியவர்களுக்கு, அடுத்த வாரத்தில் அழைக்காமலே மனதில் வந்த விபத்துக் காட்சிகள் 62 சதவீதம் குறைவாக இருந்தன. காட்சி நினைவும் கட்டையை மனதில் திருப்பிப் பார்ப்பதும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன, அதனால் நினைவு பலவீனமாகப் பதிகிறது என்பது அவர்கள் விளக்கம். நினைவுகூராமல் வெறுமனே விளையாடினாலும், கட்டையைத் திருப்பும் முன் மனதில் திருப்பிப் பார்க்காமல் விரலை மட்டும் தட்டினாலும் பலன் குறையும். சொல் விளையாட்டோ வினாடி வினாவோ இதற்கு மாற்றாகாது. ஆய்வகச் சோதனை ஒன்றில், வினாடி வினா ஆடியவர்களுக்குக் காட்சிகள் கூடவே செய்தன. உங்களுடையது பழைய நினைவு, பலன் மெதுவாகவே தெரியலாம். முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

போனிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. வாட்ஸ்ஆப் அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போய், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பலரும் மொபைல் டேட்டாவில் மட்டும் நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் எல்லாம் இறங்கிவிட்டதே என்கிறார்கள். எக்ஸ் தளத்தில் காணொளி தானாக ஓடுவதை நிறுத்த முடியும். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்தால் பரிந்துரைகள் மாறும். எதிர்பாராமல் கண்ணில் படுவதுதான் அதிகம் தாக்கும், அதைத்தான் இவை தடுக்கும். மூன்று மணி இடைவேளையில் போன் லாக்கரில் இருக்கட்டும். தூக்கம் குறைந்த மூளைக்கு வேண்டாத நினைவை அடக்கும் பிடி தளர்ந்திருக்கும்.

ஈழத்துக் கேள்விக்கு வருகிறேன். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக்கொல்லும் பதிவைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். உடல்கள் விழுந்த விதத்தைத் தடயவியல் மருத்துவர் பார்த்தார், காணொளி நிபுணர் ஒட்டுவேலை இருக்கிறதா என்று பார்த்தார், துப்பாக்கி நிபுணர் பின்னுதைப்பையும் குழல் வாயில் வெளியேறிய வாயுவையும் பார்த்து, நிஜத் தோட்டாதான், வெற்றுத் தோட்டா இல்லை என்றார். அது உண்மையான பதிவாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்து, சுதந்திர விசாரணை கோரினார். அந்தப் பதிவு சாட்சியமாக நின்றது இப்படித்தான். அன்று நீங்கள் ஒருமுறை பார்த்ததும், கோபப்பட்டதும், பேசியதும் நியாயம். பார்க்க முடியாமல் முகம் திருப்பிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனவரும் துரோகி இல்லை. நிர்வாணமாக, கட்டுண்டு கிடந்தவர்கள் தங்கள் கடைசி நிமிடம் பதிவாவதற்குச் சம்மதம் தரவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். சாட்சியாக நிற்பவருக்கு அந்தப் பதிவைக் கொண்டு செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கும். மூன்று மணிக்கு நீங்கள் பார்க்கும் துண்டைக் கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

தூக்கக் கெடுதியும் நடுக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழையுங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். திரையில் பார்த்ததை எல்லா மருத்துவரும் ‘அதிர்ச்சி’ என்று பெயரிட மாட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு, வேலையின் பகுதியாகப் பார்த்தால் தவிர, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெயர் எதுவானாலும் அறிகுறிக்குச் சிகிச்சை உண்டு, “வெறும் வீடியோதானே” என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மாமாவிடம் குழுவில் வாதாட வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். “மாமா, நீங்க அனுப்புறது அக்கறையில்தான்னு தெரியும். அந்தக் காட்சி எனக்கு வண்டி ஓட்டும்போது வருது. வீடியோவுக்குப் பதிலா எந்த இடம், எதனால ஆச்சுன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க” என்று கேளுங்கள்.

அன்புடன்.