வாசகர் கேள்வி–பதில்: பேர்ல் பெய்லியின் பாட்டும் நகைச்சுவையும்

கேள்வி: அமெரிக்காவின் பேர்ல் பெய்லியைச் சிலர் பாடகி என்றும், சிலர் நகைச்சுவைக் கலைஞர் என்றும் எழுதுகிறார்கள். நைட் கிளப் மேடையில் அவர் உண்மையில் என்ன செய்தார்? (வாசகி, திருச்சி)

பதில்: அவரைப் பாடகி என்றே முதலில் சொல்ல வேண்டும். அவருடைய நகைச்சுவை முழுவதும் தாளத்துக்குள் பிறந்தது. பாட்டை எடுத்துவிட்டால் அதில் பாதிகூட மிஞ்சாது. 1918 மார்ச் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சபைப் போதகரின் மகளாகப் பிறந்த பேர்ல், சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையின் சபையில் பாடவும் ஆடவும் தொடங்கியவர். பதினைந்து வயதில் பிலடெல்பியாவில் நடந்த புதுமுகப் போட்டி ஒன்றில் வென்றார். பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்போலோ அரங்கிலும் பரிசு பெற்றார். அதற்காக வாசல்கள் உடனே திறந்துவிடவில்லை. 1930களில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் ஆடிப் பாடித்தான் அவர் தொழில் கற்றார்.

1944-இல் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வேன்கார்ட்’ இரவு விடுதியில் தனிப் பாடகியாக மேடையேறினார். அது தரைக்குக் கீழே அமைந்த சிறிய கூடம். அங்கிருந்து ‘புளூ ஏஞ்சல்’ விடுதிக்குப் போனார். அடுத்து ‘ஸான்ஸிபார்’ விடுதியில் ஜாஸ் பாடகரும் இசைக்குழுத் தலைவருமான கேப் காலோவேயுடன் சேர்ந்து பாடினார். இப்படிப்பட்ட இடங்களில் பாடுபவருக்குக் கச்சேரி மேடையின் அமைதி வாய்ப்பதில்லை. கோப்பைகளின் ஓசை கேட்கும், பரிமாறுபவர் குறுக்கே நடப்பார், முன்மேசையில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார். அந்தச் சந்தடியைக் குரலை உயர்த்தி அடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பேர்ல் நேர்மாறான வழியில் சென்றார்: குரலைத் தாழ்த்தி, பாட்டின் நடுவே பக்கத்து வீட்டுக்காரியிடம் குறைப்படுவதைப் போல ஏதோ சொல்வார். என்ன சொன்னார் என்று கேட்பதற்காகவே கூட்டம் அடங்கும்.

1947-இல் வெளிவந்த ‘வெரைட்டி கேர்ள்’ படத்தில் அவர் பாடிய ‘டயர்ட்’ இதற்கு நல்ல சான்று. வாழ்க்கை சலித்துப்போன ஒரு பெண்ணின் புலம்பல் அது. ஓர் அடியின் முற்பகுதியைப் பாடுவார். மீதியைப் பாடுவதற்குத் தெம்பில்லாதவரைப் போலப் பேச்சாக நழுவவிடுவார். இசைக்குழு முன்னே போய்விட்டது, இவர் பின்தங்கிவிட்டார் என்று நாம் எண்ணும் கணத்தில், ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் அடுத்த சமத்தில் வந்து இறங்குவார். கால் வலிக்கிறது என்று மேடையிலேயே அலுத்துக்கொள்வதும், மணிக்கட்டைத் தளர்த்திக் கையை வீசுவதும் அவருடைய அடையாளங்களாயின. சோம்பலாகத் தோன்றும் இந்தப் பாணிக்குப் பின்னால் இருப்பது அசைக்க முடியாத லயஞானம் என்பதை இசை அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். அவரை ‘வேடிக்கையாகப் பாடுபவர்’ என்று ஒதுக்கும் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

அந்தக் குடும்பத்தில் தாளம் அவருக்கு மட்டும் வாய்க்கவில்லை. அண்ணன் பில் பெய்லி, காலணியைத் தரையில் தட்டித் தாளம் எழுப்பி ஆடும் டாப் நடனத்தில் புகழ்பெற்ற கலைஞர். பிற்காலத்தில் மைக்கேல் ஜாக்சன் ‘மூன்வாக்’ என உலகறியச் செய்த பின்னோக்கிய வழுக்கல் நடையை 1943-இலேயே அவர் திரைப்படத்தில் ஆடிக் காட்டியிருக்கிறார்.

கேள்வி: அவருடைய திருமணம் அக்காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது ஏன்? (வாசகர், மதுரை)

பதில்: பேர்ல் கறுப்பினத்தவர். 1952 நவம்பரில் லண்டனில் அவர் மணந்துகொண்ட லூயி பெல்சன் வெள்ளையர்; டியூக் எல்லிங்டனின் ஜாஸ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், காலால் இயக்கும் பெரிய டிரம் இரண்டை ஒருசேர வாசிக்கும் முறைக்கு முன்னோடி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணப்பதை அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்கள் குற்றமாகவே கருதின. பேர்ல் பிறந்த வர்ஜீனியாவும் அவற்றுள் ஒன்று. அந்த மாநிலத்தின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது 1967 ஜூனில்தான். இருவரும் பேர்லின் இறுதி நாள்வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், தம்பதியராகவே வாழ்ந்தார்கள்.

கேள்வி: நைட் கிளப் பாடகி ஒருவர் பிராட்வே நாடக மேடையில் எப்படி வெற்றி பெற்றார்? ‘ஹலோ, டாலி!’ பற்றியும் சொல்லுங்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவர் முதன்முதலில் தோன்றியது 1946-இல், ‘செயின்ட் லூயிஸ் வுமன்’ இசை நாடகத்தில். அது நெடுநாள் ஓடவில்லை. ஆனாலும் தமக்குக் கிடைத்த இரண்டு பாடல்களைக் கொண்டே சிறந்த புதுமுகத்துக்கான டொனால்ட்சன் விருதை அவர் பெற்றுவிட்டார். 1952-இல் ‘டேக்ஸ் டூ டு டாங்கோ’ இசைத்தட்டு வானொலியில் ஓயாமல் ஒலித்தது. 1954-இல் வந்த ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்தில் முதன்மை வேடங்களில் நடித்த டாரதி டாண்ட்ரிட்ஜ், ஹாரி பெலஃபான்ட் இருவருக்கும் ஆப்பரா பயிற்சி பெற்ற வேறு பாடகர்களே பின்னணி பாடினார்கள்; பேர்லோ தம் சொந்தக் குரலிலேயே பாடினார். அந்தக் குரலுக்கு மாற்றாக இன்னொரு குரலை வைத்திருக்க முடியாது என்பது படத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

‘ஹலோ, டாலி!’ 1964 முதல் ஓடிக்கொண்டிருந்த நாடகம். டிக்கெட் விற்பனை குறையத் தொடங்கியதும், தயாரிப்பாளர் டேவிட் மெரிக் 1967 நவம்பரில் நடிகர் குழு முழுவதையும் மாற்றி, பேர்லையும் கேப் காலோவேயையும் முதன்மைப் பாத்திரங்களில் நிறுத்தி, கறுப்பினக் கலைஞர்களை மட்டுமே கொண்டு புதிதாக அரங்கேற்றினார். இன ஒருங்கிணைப்புக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தனியாக ஒரு கறுப்பினக் குழு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அத்தனை கறுப்பினக் கலைஞர்களுக்குப் பிராட்வேயில் ஒரே நேரத்தில் பெரிய வேலை கிடைத்த வாய்ப்பு அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கூட்டம் அலைமோதியது. வாஷிங்டனில் முன்னோட்டமாக நடந்தபோது ஜனாதிபதி ஜான்சன் மனைவியுடன் வந்து பார்த்தார். திரை விழுந்த பிறகும் பேர்ல் மேடையை விட்டுப் போகாமல் பார்வையாளர்களிடம் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நிற்பது வழக்கமாயிற்று; நைட் கிளப்பில் கற்ற பாடத்தைப் பெரிய அரங்கிலும் அவர் கைவிடவில்லை. இதய நோய் அவ்வப்போது தொல்லை தந்தபோதும் தொடர்ந்து நடித்தார். 1968-இல் பிராட்வே கலைஞர்களுக்கான சிறப்பு டோனி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கேள்வி: முதுமையில் அவர் கல்லூரியில் சேர்ந்து படித்தார் என்பது உண்மையா? அவருடைய கலையை அறிய எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உண்மைதான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. அத்துடன் நிறைவடையாமல் அங்கேயே மாணவியாகச் சேர்ந்து, 1985-இல் தமது 67-ஆம் வயதில் இறையியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1975-இல், ஐக்கிய நாடுகள் அவைக்கான அமெரிக்கக் குழுவின் சிறப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்டிருந்தார். 1988-இல் ஜனாதிபதி ரீகன் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். 1990 ஆகஸ்ட் 17 அன்று, முதல் பரிசு வாங்கிய அதே பிலடெல்பியாவில், 72 வயதில் காலமானார்.

முதலில் ‘டயர்ட்’ பாட்டைப் படக்காட்சியுடன் பாருங்கள். அவர் கையும் கண்ணும் செய்வதை இசைத்தட்டு காட்டாது. அடுத்து ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்தில் அவர் டிரம் தாளத்துக்குப் பாடும் பகுதியைப் பாருங்கள். அதன்பின் 1967-ஆம் ஆண்டுக் குழுவின் ‘ஹலோ, டாலி!’ ஒலிப்பதிவைக் கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், 1981-இல் வந்த டிஸ்னியின் ‘தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்’ படத்தில் பிக் மாமா என்ற ஆந்தைக்குக் குரல் கொடுத்திருப்பவர் இவர்தான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.